ஒரு 'வாழும்' போட்ட மடம்

ஒரு வினைச்சொல்லில் காலத்தை மாற்றிப் போட்டால் ஆள் தொலைந்துபோவானா, சொல்லுங்கள்? காலேஜில் என்றால் இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான்.

சண்டை வந்ததும் சிங்கப்பூரில் காலேஜை மூடிவிட்டார்கள். சரித்திரப் படிப்பைப் பாதியில் விட்டு, மலாயாவில் லாபு பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குத் திரும்பி, ஆபீசில் டைப்ரைட்டர் தட்ட உட்கார்ந்தேன். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். ஒருநாள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, கூப்பிட்டார்.

“தம்பி, தோட்டத்துல இருக்கிற செங்கல் கட்டடம் எல்லாத்தையும் இங்கிலீசுல எழுதிக் கேக்குறான். என்ன கட்டடம், யாரு இருக்கா, அவ்வளவுதான். ஒன் காலேஜ் வெவகாரத்த இதுல காட்டாத.”

காட்டாமல் இருப்பேனா? எங்கள் தோட்டத்தில்தான் மடம் இருக்கிறதே!

ரப்பருக்கு முன்னால், காப்பி போட்ட காலத்தில், பெனடிக்ட் சபைத் துறவிகள் சிலர் கப்பலேறி வந்து கட்டியது. இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள் மடங்கள் எப்படி இருந்தன என்று புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். அதே வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இந்தச் செம்மண்ணில் இறக்கியிருந்தார்கள். நடுவில் சதுர முற்றம், வடக்கே கோயில், கிழக்கே படுக்கும் கூடம், தெற்கே சாப்பாட்டுக் கூடம். காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. மிஞ்சியவர் நிலத்தைக் கம்பெனிக்கு விட்டுவிட்டுப் போனார். இப்போது கோயிலுக்குக் கூரை இல்லை, உள்ளே மரவள்ளி வளர்கிறது. படுக்கும் கூடம் வெறும் மண்மேடு. முழுசாக நின்றது சாப்பாட்டுக் கூடம் மட்டும். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இடமில்லாமல், பால்மரம் சீவும் ஒரு அண்ணன் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அதில் குடியிருந்தார்.

நான் அளவு நாடாவோடு நுழைந்ததும் அண்ணன் ஆரம்பித்தார்.

“என்ன தொர, வீட்ட அளக்குற? ஒனக்குப் பொண்ணு பாத்துட்டாங்களா?”

“வீடு இல்லண்ணே, மடம். சாமியாருங்க இங்கதான் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாம சாப்பிடுவாங்க.”

“பேசாமயா?” என்றார் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே. “இவரு அர நாளு தாங்க மாட்டாரு லா.”

ஆபீசுக்கு வந்து வேகமாகத் தட்டினேன். ‘இது ஒரு பிரயரி. மணமாகாத ஆண்கள் ஒன்றுகூடி உடலுழைப்பால் வாழும் இல்லம்.’ வாழ்ந்த என்று போட்டிருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் வாழும் என்றுதான் இருந்தது, கம்பீரமாகவும் இருந்தது. குடியிருப்பவர் என்ற கட்டத்தில் அண்ணன் பெயர் மட்டும். குடும்பத் தலைவனை மட்டும் எழுதுவது தோட்டத்து வழக்கம். பெண்டாட்டி பிள்ளை யாருக்கு இருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியுமே. கிராணி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். முதலில் கல்யாணம் ஆகாதவர்கள் என்று உத்தரவு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றோம். ஜப்பான் அதிகாரி என் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பெயரைப் படித்தான்.

“ஐயா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அந்தா நிக்கிறா பாருங்க, புள்ளைங்களோட!”

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி காகிதத்தை விரலால் தட்டினான். “பூஜாங்,” என்றான். கல்யாணம் ஆகாதவன்.

நான் முன்னால் போய், அது பழைய சாமியார்களைப் பற்றி எழுதியது, தப்பு என்னுடையது என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கன்னத்தில் ஓர் அறை. பல் ஆடியது. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

லாரியில் ஏறிய அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். “தம்பி, ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே! மாத்தி எழுதிரு லா!”

எழுதினேன். சிரம்பானில் இருக்கும் ஜப்பான் ஆபீசுக்கு ஒன்பது மனு போட்டாயிற்று. ஒரே ஒரு பதில் வந்தது: குடியிருந்தவர் போய்விட்டதால் கட்டடம் காலி, ராணுவம் எடுத்துக்கொள்ளும். அக்கா பிள்ளைகளோடு மாட்டுக் கொட்டகைக்கு மாறினார்.

சயாமிலிருந்து தப்பி வந்த லுக்குட் ஊர்க்காரன் ஒருவன் போன வாரம் என்னைத் தனியாக அழைத்துப் பேசினான். அண்ணன் காலராவில் படுத்திருந்தாராம். மறுநாள் அந்தக் குடிசையை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். அக்காவிடம் நான் சொல்லவில்லை.

“அடுத்த மனு எப்ப தம்பி?” என்று இன்று காலையும் கேட்டார்.

“அடிச்சிக்கிட்டு இருக்கேன்கா.”

சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது ராணுவத்தின் உப்பு மூட்டைகள் இருக்கின்றன.