வெட்டாத சுரங்கம்

மணிமொழி மடிக்கணினியின் மூடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும். துடைக்காமல் அவள் வேலையைத் தொடங்கியதில்லை.

முத்தாண்டிக்குப்பம் சாலையில் என் வீட்டுப் பின்கட்டில் அவளும் அப்பா ராமலிங்கமும் குடியிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவன். ஒற்றை மண்வெட்டியோடு நெய்வேலிக்கு வந்தவன். இன்று என் பெயர் எழுதிய ஜேசிபிகள் ஓடுகின்றன. பூமியை வெட்டுவதைப் பற்றி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவள் சொன்ன சுரங்கத்துக்கு மட்டும் நானே வாயைப் பிளந்தேன். வெளிநாட்டில், பூமிக்கடியில் வட்டமாக, இங்கிருந்து கடலூர் போய்த் திரும்பும் தூரத்துக்கு. அதற்குள் அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிடுவார்களாம்.

"வெட்டிட்டாங்களா?"

"இன்னும் முடிவே பண்ணல பெரியப்பா."

"அப்ப என்னாத்த அளந்துகினு இருக்கற?"

"வெட்டுனா என்னா தெரியும்னு கம்ப்யூட்டர்லயே மோதவுட்டுப் பாக்கறேன். மத்த துகளுக்கு நிறை குடுக்கறதுல ஹிக்ஸ்னு ஒண்ணு இருக்கு. அது இன்னொரு ஹிக்ஸோட எப்படி நடந்துக்குதுன்னு யாரும் சரியா அளந்ததில்ல. அந்த மெஷின் ஓடறப்ப எனக்கு உங்க வயசு ஆயிடும்."

"வயசு வரும். என் ஒடம்பு வருமா?" என்றேன். லேசாகச் சிரித்தாள். அவளிடம் அதுவே பெரிது.

அவள் வேலை கான்ட்ராக்ட். இந்த ஆவணியோடு முடிகிறது. அந்த மெஷினுக்கு அனுமதி வந்தால்தான் நீட்டிப்பார்கள். ராமலிங்கமும் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கடைசிவரை கான்ட்ராக்ட்தான். பர்மனன்ட் ஆக்குவார்கள் என்று காத்தே தலை நரைத்தது. வேலை நின்ற மாதங்களிலும் மஞ்சள் தொப்பியைத் துடைத்து ஆணியில் மாட்டிவைப்பார். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமே. ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் அது அங்கேயே தொங்குகிறது.

நேற்று மாலை மோட்டார் போடப் பின்கட்டுக்குப் போனேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷின் முடிவத் தள்ளி வெச்சிட்டாங்க பெரியப்பா. என் வேலையும் ஆவணியோட சரி."

"இதுக்கா மூஞ்சி தொங்குது? நம்ம ஜேசிபி ஆபீசுக்கு வா. பர்மனன்டாவே வெச்சிக்கறேன்."

உள்ளேயிருந்து ராமலிங்கத்தின் குரல் வந்தது.

"என்னாம்மா, பர்மனன்ட் பண்ணிட்டாங்களா?"

"பண்ணுவாங்கப்பா."

மூடியைத் துடைத்தாள். கணினியைப் பைக்குள் வைத்தாள். தொப்பியைச் சற்று நகர்த்தி, அதே ஆணியில் பையை மாட்டினாள்.