பேர் வேண்டாம், கண்ணு

அலுவலகத்தில் அவளுக்குக் 'கிணறு' என்று பேர். உள்ளே விழுந்த ரகசியம் வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் அடிதடி, மிரட்டல், கத்தி என்று எதைப் பார்த்தாலும் பிள்ளைகள் பேர் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பலாம். அதைப் படித்துப் பதில் எழுதுவதும், ஆபத்து என்றால் போலீசுக்கும் தலைமையாசிரியருக்கும் அனுப்பிவிடுவதும் அவள் வேலை. பயந்துபோன பிள்ளைக்கு அவள் முதலில் தட்டுவது எப்போதும் ஒன்றுதான்: "பேர் வேண்டாம், கண்ணு. நீ சொன்னது கோள் இல்லை."

ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதுதான். வீட்டில் மகள் "அம்மா, அண்ணன் வந்து..." என்று வாயைத் திறந்தாலே, "கோள் மூட்டாதே, போய்ப் படி" என்று விரட்டிவிடுவாள். ஊரார் பிள்ளைகளின் முறையீட்டைக் கேட்டுக் காது புளித்தவளுக்குச் சொந்தப் பிள்ளை பேச வந்தால் எரிச்சல்தான் வந்தது. அன்று காலையும் அப்படித்தான் விரட்டினாள்.

அவளுக்கு எப்போதும் மாலை ஷிப்டு. அன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, கூட வேலை பார்க்கும் தோழிக்குக் காய்ச்சல் என்று பகலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரையில் ஒரு தகவல் வந்தது.

"பத்தாவது பி பையன் பையில கத்தி இருக்கு. மூணு பேர் அவனை பாத்ரூம்ல போட்டு அடிச்சாங்க. ஸ்கூல் விட்டதும் அவங்கள குத்தப் போறேன்னு சொல்றான். அவன் என் அண்ணன்தான். காலைல அம்மாகிட்ட சொல்லப் போனேன். கோள் மூட்டாதேன்னுட்டாங்க."

கீழே பள்ளியின் பேர். அவள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. போன வாரம் உதடு கிழிந்து வந்த மகன், படியில் விழுந்தேன் என்றான். அதையும் நம்பித் தொலைத்திருந்தாள்.

கைப்பையில் அவள் போன் இருந்தது. பள்ளிக்குப் பேசி, 'வீட்டில் ஒரு சாவு, பையனை அனுப்புங்கள்' என்றால் போதும். கத்தியைப் பிடுங்கி ஒளித்துவிடலாம். ஈ காக்கைக்குத் தெரியாது. போனை எடுத்தே விட்டாள். ஆனால் வெளியே வரும் வழியிலேயே அவன் கத்தியை நீட்டிவிட்டால்? நாளைக்கு இன்னொரு கத்தி கிடைத்தால்? அந்த மூன்று பேருக்கும் அம்மா உண்டே. வேறொருத்தி இப்படி மூடி மறைத்திருந்தால் அவளை இவள் சும்மா விட்டிருப்பாளா?

"பேர் வேண்டாம், கண்ணு. நீ சொன்னது கோள் இல்லை. நீதான் சொன்னாய் என்று யாருக்கும் தெரியாது," என்று தட்டினாள். பிறகு போலீசுக்கும் தலைமையாசிரியருக்கும் தகவலை அனுப்பும் சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

கடைசி மணி அடிக்கும் முன்பே அவனைப் பிடித்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவனைச் சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

மறுநாள் புருஷனின் அக்கா வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். "எந்தப் பாவி போட்டுக் குடுத்தானோ, அவன் வாய் அழுகிப் போகணும்!"

தட்டு கழுவிக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது.

"அண்ணி, வாயைக் கழுவுங்க!" என்றாள் அவள். " சொன்னவங்க நல்லா இருக்கணும். சொல்லலேன்னா இவன் இன்னிக்குக் கொலைகாரன்."

புருஷன் நிமிர்ந்து பார்த்தான். "நீ அங்கதானே வேலை பாக்குற? யாருன்னு உனக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியாது. எங்களுக்குப் பேரே வராது."

அவள் அடுப்படிக்கு வந்ததும் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "நெஜமாவே தெரியாதாம்மா?"

என்கிட்ட சொல்ல வந்தியே, விரட்டிட்டேனே, மன்னிச்சிடுடி. அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்று கொடுத்த வாக்குப் போயிற்று. அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அம்மாவுக்குத் தெரியும் என்ற நினைப்போடு அந்தக் குழந்தை இந்த வீட்டில் எப்படி இருக்கும்?

"தெரியாதுடி," என்றாள்.

மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "சரிம்மா. நான் போய்ப் படிக்கிறேன்."

மகள் போன பிறகு, குழாயை முழுக்கத் திறந்து விட்டுக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காமல் அழுதாள் கிணறு.