அடுக்களைக்குள் வந்த ஓதம்

மட்டாஞ்சேரியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கடல் ஓதம் பற்றிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். புத்தகத்தில் பிடிக்காதது திரையில் பிடிக்கும் என்று நம்பி ஒரு வலைப்பூ தொடங்கினேன். வாரம் ஒருவர், வீட்டருகே கண்டதை எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் இணையத்திலிருந்து அப்படியே எடுத்துத் தந்தார்கள்.

ஒருத்தி மட்டும் நிஜமாகவே எழுதினாள். கால்வாய் ஓரத்து வீடு. அப்பா சுமை தூக்குகிறவர். ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் அவர்கள் அடுக்களைக்குள் வந்துவிடும். அவள் ஸ்கேலைச் சுவரோடு வைத்து அளந்து, நேரத்தையும் நிலாவையும் குறித்து வருவாள். எழுதியது வீட்டில் பேசும் தமிழ்தான், ஆனால் பள்ளியில் படித்த மலையாள எழுத்தில். நான் உட்கார்ந்து தமிழ் எழுத்துக்கு மாற்றி ஏற்றினேன். எங்கெங்கோ இருந்த ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"விடாதே, இன்னும் ரெண்டு மாசம் அள" என்றேன்.

அளந்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், பௌர்ணமிக்குத் தண்ணி எவ்வளவு கேறும்னு இப்ப அளக்காமலே சொல்லிடுவேன். கேறாம இருக்க என்ன செய்யணும்?"

"அது பெரியவங்க செய்ய வேண்டியது மோளே."

"அவங்க நம்ம பிளாக் வாசிப்பாங்களா?"

அன்று மாலையே அவளுடைய அளவுகளை அச்செடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போனேன். "நல்லா செஞ்சிருக்கு டீச்சர், பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுப்போம்" என்றார். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரிசும் வரவில்லை.

ஆண்டுப் பரீட்சைக்கு முன்பே அடுக்களைச் சுவர் ஊறிச் சரிந்தது. பள்ளுருத்தியில் ஒற்றை அறைக்குப் போனார்கள். டி.சி. வாங்க வந்த அவள் அம்மா கோபப்படவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு காய்ச்சலோட தண்ணிக்குள்ள நிப்பா டீச்சர். கேறி வாடின்னா கேக்கமாட்டா."

அவளுக்குக் காய்ச்சல் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. தண்ணீர் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அதன்பின் ஓர் ஆசிரியர் பயிற்சியில் அந்த வலைப்பூவை முன்மாதிரி என்று காட்டச் சொன்னார்கள். அவளுடைய அட்டவணையைத் திரையில் போட்டேன். கை தட்டினார்கள். "மாணவி இப்போது என்ன செய்கிறாள்?" என்று ஒருவர் கேட்டார். நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அவள் பள்ளிக்குப் போகிறாளா என்பதே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வலைப்பூவில் நான் எதையும் ஏற்றவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.