துணியின் உள்பக்கம்

போன வாரம் ஜொகூர் பாருவில் ஒரு கடையில் குர்த்தி பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல என் கை தானாகவே துணியை உள்பக்கம் திருப்பிவிட்டது. கடைப்பெண் ஓடி வந்தாள். “உள்ள என்னக்கா தேடுறீங்க? ஒண்ணும் இல்ல லா!” அசடு வழியச் சிரித்தேன். இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று சொல்ல ஆரம்பித்திருந்தால் அவள் கடையையே மூடிவிட்டுப் போயிருப்பாள். நீங்கள் பொறுமைசாலி, உங்களிடம் சொல்லலாம்.

ரெங்கத்திலிருந்து பத்து பாகாட் நகரத்துக்குத் தையல் வேலைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கடைக்காரர் ரஹிமா அக்கா. இந்தியா போய் வருகிறவர்கள் வாங்கிவரும் துணிகளெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். குஜராத் கண்ணாடி வேலை வந்தால் எப்படியும் ஓர் ஊசி உடையும். பஞ்சாபின் புல்காரிப் பூவேலையை உள்பக்கமிருந்தே இழை எண்ணித் தைப்பார்களாம். அதைக் கேட்டு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். கர்நாடகத்துக் கசூத்தித் தையலில் முடிச்சே கிடையாது. நூல் எங்கே தொடங்குகிறது என்று நான் தேடிக்கொண்டே இருப்பேன். “பாத்தது போதும், தையி” என்பார் அக்கா.

இவ்வளவு ஆராய்ச்சி செய்த மேதாவிதான் ஃபிலோமினா டீச்சரின் கல்யாண பிளவுசைக் கெடுத்தேன்.

டீச்சருக்கு ஊர் யோங் பெங். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. அவர் வாங்கி அனுப்பிய வெள்ளை லக்னோ பூவேலைத் துணிதான் வந்தது, ஒரே ஒரு பிளவுஸ் அளவு. சனிக்கிழமை மாதா கோயிலில் கல்யாணம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

துணியின் ஒரு பக்கத்தில் பூக்கள் மங்கலாக, நிழல் மாதிரி தெரிந்தன. மறுபக்கத்தில் நூல் குறுக்கும் நெடுக்குமாக அடர்ந்திருந்தது. நூல் நிறைய இருப்பதே மேல்பக்கம் என்று நானே முடிவு கட்டித் தைத்து முடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அதைக் கையில் எடுத்தார்.

“அலமாக்! உள்பக்கத்த வெளிய வச்சித் தச்சிருக்கியே! லக்னோல அந்த நெழலுதான் அழகு. வேற துணிக்கு எங்க போவ? டீச்சர் மொகத்துல எப்படி முழிப்ப?”

ஒரே வழி, மொத்தத்தையும் பிரிப்பது. நல்லவேளை, பிளவுசின் இடது முன்பாகத்தைத் திருப்பினால் அது வலது பாகமாகிவிடும். பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், ஓர் இலையின் நூலுக்கடியில் நீளமான கறுப்பு முடி ஒன்று சிக்கியிருந்தது. மெல்ல இழுத்தேன், வரவில்லை. லக்னோவில் பூவைத் தைத்து முடித்தபின் துணியை அடித்துத் துவைத்து, பூவுக்காக அச்சடித்த நீலக் கோடுகளையெல்லாம் போக்கியிருப்பார்கள். முடி மட்டும் அப்படியே இருந்தது. குனிந்து தைத்த யாரோ ஒரு பெண்ணின் தலையிலிருந்து விழுந்திருக்கும். அவளுக்கு எத்தனை வயது, பக்கத்தில் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் யோசனை ஓடியது.

“வெட்டி எடு. கல்யாணத் துணியில முடி இருக்கக் கூடாது” என்றார் அக்கா. கத்தரிக்கோலை எடுத்தேன், மனம் வரவில்லை. வெட்டியதுபோல் பாவனை செய்துவிட்டுத் தைக்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தபோது கொக்கி மட்டும்தான் பாக்கி. பழைய தையல் ஓட்டைகள் ஓரத்தில் லேசாகத் தெரிந்தன. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் பிளவுசை உள்பக்கம் திருப்பினார்.

“இது என்ன, ஒன் முடியா?”

“இல்ல டீச்சர், பூ தச்சவங்களோடது. நூலுக்கு அடியில இருக்கு பாருங்க.”

ஜன்னலருகே கொண்டுபோய் நகத்தால் நெருடிப் பார்த்தார். அக்கா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. நான் கத்தரிக்கோலை நீட்டினேன்.

“வேணாம், வெட்டாதே” என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. “அண்ணனாலதான் வர முடியல. இவங்களாவது வரட்டும்.”

கொக்கியைத் தைத்துக் கொடுத்தேன். டீச்சர் போனபிறகு அக்கா மேசையில் கிடந்த நூல் துண்டுகளைக் கூட்டித் தள்ளினார். கடைசியில், “திங்கக்கெழம சீக்கிரம் வந்துரு” என்றார். வேலை போகவில்லை என்று புரிந்தது.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். லக்னோ பூவும் புல்காரியும் பேரங்காடியிலேயே தைத்துத் தொங்குகின்றன. போன வாரம் நான் திருப்பிப் பார்த்த குர்த்தியில் ஒவ்வொரு பூவுக்கு அடியிலும் மெஷின் தையலுக்கு வைக்கும் வெள்ளைக் காகிதம்போல ஒன்று ஒட்டியிருந்தது. எல்லாப் பூவும் ஒரே அளவு. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கடைப்பெண் சொன்னது சரிதான். உள்ளே யாரும் இல்லை.