என் கலரில் ஒரு போட்டோ

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு கறுப்பினப் பாடகியின் படத்தைப் போட்டு, "கரண்ட் போயிடுச்சா?" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள்.

துபாய் கராமாவில் குடியிருந்தபோது எனக்குப் பத்து வயது. விசா போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போயிருந்தோம். "புள்ளைய கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க பாய்" என்றார் அத்தா. கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் பக்கத்து ஃபிளாட் கென்யா அக்கா. அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் பாடிய பாட்டுகளை எப்போதும் முணுமுணுப்பவர். அன்று பாட்டை நிறுத்திவிட்டு, வெளுத்துப்போன தன் போட்டோக்களை மேசையில் விசிறியடித்தார். "இது நானில்லை. என் கலரில் போடு!" என்று உடைந்த இந்தியில் கத்தினார்.

"எனக்கும் என் கலர்தான் வேணும் அத்தா" என்று நானும் நகராமல் நின்றேன்.

என் கலரிலேயே போட்டுக் கொடுத்த அந்தப் போட்டோ இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.

"இதுக்கும் சிரிண்ணே."