கல்யாண மண்டபத்துக் கால்பந்து அணி

எங்கள் அணி பிறந்ததற்குக் காரணம் கால்பந்து அல்ல, ஆடி மாதம்.

முதலாளிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் அங்கே ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. தவக்காலத்தில் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணமும் கிடையாது. அத்தனை பெரிய கட்டடம், சமையல்காரர்கள், நாற்காலிகள், பின்னால் கார் நிறுத்தும் மைதானம் எல்லாம் சும்மா கிடக்கும். அந்த நேரம் பார்த்து, பெண்கள் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் புதிதாக இரண்டு அணிகளைச் சேர்க்கப்போகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, மைதானம், இந்த மூன்றும் இருந்தால் போதும் என்றார்களாம். மூன்றும் அவரிடம் இருந்தன. விண்ணப்பித்தார், கிடைத்துவிட்டது. பந்து உருண்டை என்பதைத் தவிர அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது.

லீக் அட்டவணை வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தையில் ஆரம்பம், வைகாசியில் முடிவு. ஆடியில் ஓர் ஆட்டம் இல்லை, மார்கழியில் ஓர் ஆட்டம் இல்லை. தவக்காலத்தில் மட்டும் கவனமாக இடைவெளி விட்டிருந்தார்கள். சொந்த மைதானத்து ஆட்டங்கள் எல்லாமே நல்ல முகூர்த்தமுள்ள ஞாயிறுகள்.

"இவனுவ பஞ்சாங்கம் பாக்க மாட்டானுவளா?" என்று எங்களிடம் கேட்டார். அப்படித்தான் அந்த முதல் வருடம் முழுக்க நாங்களும் கல்யாணங்களும் ஒரே மண்டபத்தில் முட்டிக்கொண்டு கிடந்தோம்.

கல்யாணம் இல்லாத நாட்களில் எங்களுக்கு மணமகள் அறை. சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து காலுக்குப் பட்டை சுற்றிக்கொள்வோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மூட்டை முடிச்சோடு பாத்திர அறைக்குப் போய்விட வேண்டும். உருளிக்கும் அண்டாவுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். ஒருமுறை நாங்கள் காலி செய்வதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் நடுத்தடுப்பாட்டக்காரியை மணப்பெண் என்று நினைத்து ஒரு சித்தி அவள் தலையில் கனகாம்பரம் வைக்கத் தொடங்கிவிட்டார். முடியை ஒட்ட வெட்டியிருந்த அவளுக்குப் பூ எதில் நிற்கும்? சித்தி அழாத குறையாக, "இப்பிடியொரு முடியை வச்சிட்டா கல்யாணத்துக்குச் சம்மதிச்ச?" என்றார். அவளும் பாவம், "மன்னிச்சுக்குங்க சித்தி" என்றாள்.

முதலாளி ஆட்டத்துக்கு முன் எங்களுக்கு அறிவுரை சொல்வார். கோச்சக்கா, அதாவது எங்கள் பயிற்சியாளர், எத்தனை தடுத்தும் கேட்கமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வரைபடம் வாழையிலை. தொடுகறி எல்லாம் மேல்வரிசை, அது தடுப்பாட்டம். நடுவில் சோறு, அது நடுக்களம். பாயசம் கடைசியில் வந்து பேரைத் தட்டிக்கொண்டு போவது, அது கோல் அடிக்கிறவள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். நான் கோல்கீப்பர்.

"நீ உப்பு மக்களே. ஓரத்துல இரி. உன்ன ஒருத்தனும் பாக்கமாட்டான்."

அது அறிவுரையா வசவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றோம். ஒன்றிரண்டு சமன். ஜெயம் என்று ஒன்று வாய்க்கவேயில்லை.

இதில் எனக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அம்மா குலசேகரத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறாள். நான் அணியில் சேர்ந்தபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரு வருசம் தாரேன். அதுக்குள்ள ஒரு களியாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா நான் சொல்லுக பையனுக்குத் கழுத்த நீட்டிரணும்." களி என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்டம். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடத்தில் ஓர் ஆட்டம்கூடவா ஜெயிக்க மாட்டோம் என்ற நினைப்பு. பையன் துபாயில் ஏசி மெக்கானிக். ஆனியில் லீவில் வருகிறான். வைகாசிக் கடைசி ஞாயிறு எங்கள் கடைசி ஆட்டம், அன்று சாயங்காலம் பதில் சொல்லிவிட வேண்டும் என்று தரகர் அம்மாவைக் குடைந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணத்தின் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. வருடம் முழுக்க அதன் நடுவிலேயே படுத்து எழுந்தவள் நான். ஆனால் எட்டாத பந்து விரல்நுனியில் பட்டு வெளியே போகும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அது வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டம் மூன்று மணிக்கு. எதிரணி, லீக்கில் முதலிடத்தில் இருந்தவர்கள். மண்டபத்தில் வழக்கம்போல ஒரு கல்யாணம். இரண்டு மணி முதலே கார்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினோம். கடைசியில் ஒரே ஒரு கார் மிஞ்சியது. மணமக்கள் போகவேண்டிய அலங்கார கார். வடக்குப் பக்கத்து கோலுக்குள், இரண்டு கம்பங்களுக்கும் சரியாக நடுவில், மூக்கை வலைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. நிழல் என்று நினைத்திருக்கிறார் டிரைவர். வலைக்கு என்ன நிழல் இருக்கும் என்று கேட்க ஆளைத் தேடினால், ஆள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பந்தி அது. மணமக்கள், அவர்களின் வீட்டார், போட்டோக்காரர், டிரைவர் எல்லாரும் ஒரே வரிசை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் இலையில் உட்கார்ந்த ஆளை யாரும் எழுப்பமாட்டார்கள். வரிசையில் கடைசி ஆள் மோர் குடித்து முடித்த பிறகு எல்லாரும் ஒன்றாகத்தான் எழுந்திருப்பார்கள். பிடிக்க வந்த போலீசே ஒருமுறை மோர் முடியும்வரை வாசலில் நின்றதாக முதலாளி சொல்வார். புளுகு என்று நினைத்திருந்தேன்.

சாவியையாவது வாங்கிவரலாம் என்று கோச்சக்கா போனார். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்து, "புதுப்பொண்ணு ஏறுகதுக்கு முன்னே வேற கை வண்டியில படப்பிடாது" என்று சொல்லிவிட்டார். நாங்கள் பதினோரு பேரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். கார் நகரவில்லை, அலாரம் அலறியது. அந்தச் சத்தத்தைக் கெட்டிமேளம் என்று நினைத்து, பாதித் தூக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் யார் தலையிலோ அட்சதை தூவினாராம்.

லீக் அனுப்பியிருந்த ஆட்ட ஆணையர் சென்னைக்காரர். நல்ல மனிதர், ஆனால் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர். "மூன்றரைக்குள் மைதானம் காலியாகவில்லையென்றால் ஆட்டம் கிடையாது. எதிரணி ஜெயித்ததாக எழுதிவிடுவேன்" என்றார்.

"டிரைவர் எலையில இருக்காரு சாரே" என்றார் முதலாளி.

"எழுப்புங்கள்."

முதலாளி பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டார். இப்படி ஒரு பேச்சை அவர் மண்டபத்தில் யாரும் பேசியதில்லை. பிறகு என்ன தோன்றியதோ, ஆணையரின் கையைப் பிடித்து, "உள்ள வந்து நீங்களே ஒருக்க பாத்திருங்க சாரே" என்று கூட்டிப்போனார். உள்ளே ஓர் இலை காலியாக இருந்தது. ஆணையரின் தோளில் கை வைத்து ஓர் அழுத்து. உட்கார்ந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் பருப்பும் நெய்யும் பப்படமும் இலைக்கு வந்துவிட்டன.

நான் கையுறையோடு பந்திக்கூடத்தின் வாசலில் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், ஆணையருக்குப் பக்கத்து இலையில் அம்மா. காலையில் பால் வெட்டிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து என் ஆட்டத்தைப் பார்க்க வந்தவள். வாசலில் யாரோ கல்யாணத்துக்கு வந்தவள் என்று நினைத்து உட்காரவைத்துவிட்டார்கள். யாருடைய கல்யாணம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவியலை மட்டும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாம்பார் போனது, புளிசேரி போனது. அடைப்பிரதமன் வந்தது. போளியும் பால் பாயசமும் வந்தன. ஆணையர் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு போளியைப் பாயசத்தில் பிசையும் வழியை எதிர் இலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆனால் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் இலையை மடக்கக் கையைக் கொண்டுபோனார். பாயசம் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று நினைப்பது வெளியூர்க்காரர்கள் வழக்கம். நம்மூரில் அதற்குப் பிறகுதான் ரசமும் மோரும்.

அவர் எழுந்து போய் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆடாமலே தோற்போம். அம்மா ஒரு விரலையும் அசைக்க வேண்டாம், நிபந்தனையில் அவள் ஜெயித்துவிடுவாள். மூன்றரை தாண்டினால் எதிரணி ஜெயித்ததாக எழுதிவிடுவேன் என்று அவர் இலையில் உட்கார்ந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அதனால் ஆணையர் கடிகாரத்தைப் பார்ப்பதன் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் தலையைத் தூக்கி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என் கையுறையையும் பார்த்தாள். பிறகு பந்தி விளம்புகிற பையனைக் கூப்பிட்டாள்.

"மக்கா, இந்த சாருக்க எலையில ரசம் வரல்ல பாரு."

மடக்கப்போன இலையில் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது. அது முடிவதற்குள், "மோரும் விளம்பு மக்கா, சாரு மெட்ராஸ்காரரு, சூடு உடம்பு" என்றாள். மூன்றரை வந்து, போய்விட்டது. ஆணையர் அப்போது உள்ளங்கையில் மோரை வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். பந்தி எழுந்தது, டிரைவரும் எழுந்தார். கை கழுவும் இடத்தில் ஆணையர் ஈரக்கையோடு கடிகாரத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், வேறு எங்கோ பார்த்தார். "சரி, ஆரம்பிக்கலாம்" என்றார். வேறு என்ன எழுதுவார், இலையில் இருந்தேன் என்றா?

நான் அம்மாவிடம் ஓடினேன். "எதுக்கு அப்பிடிச் செய்த?"

"களிச்சுத் தோத்தா தோத்துட்டுப் போ. களிக்காம தோத்தேன்னா எனக்கு ஒறக்கம் வராது."

எதிரணிப் பெண்கள் ஒன்றரை மணி நேரமாக வாழைப்பழம் மட்டும் தின்றுவிட்டு வெயிலில் பாயச வாசனையை முகர்ந்துகொண்டு நின்றிருந்தார்கள். கால் மரத்துப்போயிருக்கும். அவர்களின் ஆட்டம் எடுபடவில்லை. கல்யாண வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டு நாற்காலியோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் அணிக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்பு வந்ததில்லை. அம்மா என் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாவளும் ஓடுதாளுவ. நீ மட்டும் எதுக்குச் சும்மா நிக்க?" என்று கேட்டாள்.

"அம்மா, நான் கோல்கீப்பர்."

"அதுக்காகச் சும்மாவா நிக்குவா? ஆளுகள் பாக்குதாவ."

அதன் பிறகு நான் சும்மா நிற்க வாய்க்கவில்லை. பந்து வந்துகொண்டே இருந்தது. பாய்ந்தேன், குத்தினேன், நெஞ்சில் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் அம்மாவின் மூச்சு கேட்டது. பாதி நேரத்துக்குப் பிறகு நாங்கள் வடக்குப் பக்கம் மாறினோம், அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நேரத்தில் எங்கள் பாயசக்காரி அடித்த பந்து எதிரணியின் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த வேகத்திலேயே அவர்கள் இறங்கி வந்து ஒரு பந்தைத் தரையோடு உருட்டினார்கள். அது என் கைக்கு வரவேண்டிய பந்து. சாதாரணப் பந்து. அலங்கார காரின் சக்கரம் அழுந்தி நின்ற பள்ளத்தின் விளிம்பில் பட்டு, துள்ளி, என் கைக்கு மேலே வலைக்குள் போய்விட்டது.

விசில் ஊதிவிட்டார்கள். அந்தப் பள்ளத்தில் முகத்தை வைத்து அழுதேன். மண்ணில் செண்டுமல்லி இதழ் கிடந்தது. அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டாள்.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையுறையைக் கழற்றத் தோன்றவில்லை. நிபந்தனை நிபந்தனைதான், அதில் பேச ஒன்றும் இல்லை. வண்டி கிளம்புவதற்குள் தரகர் போன் வந்துவிட்டது. சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது. பிள்ளை ஜெயிச்சாளா, தோத்தாளா, பையன் வீட்டுக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டார்.

அம்மா என் கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ எலையில இருக்கா. எழும்பட்டு. பெறவு சொல்லுகேன்."

வைத்துவிட்டாள். தரகர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, பஸ் பாதி வழி போவதற்குள் மறுபடி கூப்பிட்டார். பிள்ளை சாப்பிட்டு எழும்பியாச்சா என்றார்.

"எங்க எழும்ப? இன்னும் பாயசமே வரல்ல" என்றாள் அம்மா.