பவழமல்லிக்குக் கீழே

எனக்குப் பாம்பென்றால் பயம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் படைகூட இல்லை, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தொலைக்காட்சியில் பாம்பு வந்தால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவள். அப்படிப்பட்ட நானேதான் என் வீட்டு வாசலில் பாம்புக்கு மெத்தை விரித்துப் போட்டேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையின் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. காம்பவுண்டுச் சுவருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு. அது எங்களுடையதல்ல, மாநகராட்சியுடையது. ஆனால் தெருவே அதைச் சொந்தம் கொண்டாடியது. பிளாஸ்டிக் பை, கோழி இறகு, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அங்கேதான் வந்து விழும். சுவரைப் பார்த்து நிற்கும் ஆண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த தெருவில் ஒரு வீட்டார் சுவரில் சாமி படம் பதித்து அதை நிறுத்தினார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். இயேசுவை அந்த வேலைக்கு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் செடி வைத்தேன்.

"ஏட்டி, நாளைக்குக் குழாய் போடணும்னு வந்து தோண்டுவான். அன்னைக்கு ஒக்காந்து அழுவே" என்றார் என் கணவர். தோண்டட்டும் என்றேன். குப்பையை வாரிக் கொட்டிவிட்டு, வண்டல் மண் போட்டு, செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் நட்டேன். மூலையில் ஒரு பவழமல்லிக் கன்று. அது சுவரைத் தாண்டி வளர்ந்து பூக்க ஆரம்பித்ததும் எங்கள் படுக்கையறை வரைக்கும் வாசம் வந்தது.

வாசத்தோடு எதிர்வீட்டு அக்காவும் வந்தார். என் வயதுதான் இருக்கும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். தினமும் விடியும் முன்பே குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூக்கூடையோடு ரோட்டைத் தாண்டி வருவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நான் ஜன்னலுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெளியே போய் நின்றேன். "சாமிக்குத்தான டீச்சர்" என்றார், குனிந்த தலை நிமிராமல். எங்கள் ஊரில் இந்தப் பதிலுக்கு மேல் பேச்சில்லை. ரோட்டோரத்துப் பூ முதலில் எழுந்தவருக்குச் சொந்தம்.

மற்ற பூக்களைச் செடியிலிருந்து பறித்தால்தான் சாமிக்கு ஆகும். கீழே விழுந்தது ஆகாது. பவழமல்லிக்கு மட்டும் விலக்கு. அது விடியலில் தானே உதிரும், மண்ணிலிருந்தே பொறுக்கலாம். அக்கா மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். வெறுங்காலோடுதான். சாமிப் பூவைச் செருப்புக் காலோடு எடுக்கக்கூடாது.

கோடை வந்தது, மண் பாளம் பாளமாக வெடித்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். காய்ந்த சருகைச் செடியின் காலடியில் கனமாகப் பரப்பினால் ஈரம் போகாதாம், மூடாக்கு என்று பெயர். தெருவில் இருந்த சருகையெல்லாம் வாரி முழங்கால் உயரத்துக்குப் போட்டேன். மண் குளிர்ந்தது. செடி தளதளத்தது. தவளைகள் வந்தன. தவளை வந்தால் அதன் பின்னால் யார் வருவார் என்று வீடியோவில் அந்தத் தம்பி சொல்லவில்லை.

அக்காவுக்கும் சருகு பிடித்திருந்தது. "பூவுல மண்ணு ஒட்டாம கெடக்கு டீச்சர்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு காலை, எங்கள் வாசலில் இருந்து ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. செம்பருத்தி நசுங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ரத்தம். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன், அது எதிர்வீட்டுப் படியேறிப் பூஜை அறை வரைக்கும் போனது. அக்கா உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டிருந்தார். குதிகாலில் பாட்டில் கண்ணாடி ஒரு விரல் நீளத்துக்குக் குத்தி நின்றது.

"அக்கா, கால்!" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அடப் பாவமே. இது எப்பம்?" என்று சிரித்தார். "சர்க்கரை டீச்சர். காலு ரெண்டும் மரத்துப் போயி ரொம்ப நாளாச்சு. டாக்டரு வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னுதான் சொல்லுதாரு."

நான்தான் கண்ணாடியைப் பிடுங்கினேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலிக்கவில்லை, எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த சமயத்தில்தான் அது வந்தது. சாயங்காலம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பவழமல்லிக்குக் கீழே, விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அப்படி ஒரு சத்தம். ஓஸ் பைப்பில் ஓட்டை என்று நினைத்துக் குனிந்தேன். சருகு நகர்ந்தது. என் மணிக்கட்டுக் கனத்தில், சங்கிலி கோத்ததுபோல வட்ட வட்டமாகப் புள்ளி. கண்ணாடி விரியன். பைப்பைப் போட்டேன். எப்படிக் கேட்டுக்குள் வந்தேன் என்று தெரியாது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியது என்கிறார் கணவர். எனக்கோ தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை என்றுதான் ஞாபகம்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சருகையெல்லாம் வாரிக் கொண்டுபோனார்கள். சுவரடியில் ஒரு பொந்தும், அதன் வாயில் உரித்த சட்டையும் இருந்தன. பாம்பு இல்லை. "போயிருக்கும்மா" என்றார் ஒருவர். "போகலைன்னாலும் சொல்லுததுக்கில்ல. பாத்து இருந்துக்கிடுங்க." பொந்தைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். உள்ளே வைத்து அடைத்தோமா, வெளியே விட்டு அடைத்தோமா என்று அன்றிரவு முழுக்க யோசித்துக் கிடந்தேன்.

எனக்கு என் காலைப் பற்றிய பயமில்லை. நான் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. அக்காவின் காலைப் பற்றித்தான் பயம். கண்ணாடி குத்தியதே தெரியாதவருக்கு இது கடித்தால் எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய் விளக்கேற்றி மணி அடித்துக்கொண்டிருப்பார். விஷம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த மணிச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு எதிர்வீட்டை எட்டிப் பார்த்தேன்.

செருப்புப் போடச் சொன்னேன். "சாமிப் பூவுக்கா?" என்றார். பத்தமடைப் பாய் ஒன்றை மரத்தடியில் விரித்து, அதில் விழுகிறதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "படுத்த பாய்லயா டீச்சர்!" என்று முகத்தைச் சுளித்தார். அந்தப் பாயைத் திரும்ப எடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை, அடியில் என்ன இருக்கிறதோ. கடைசியில் கணவர் அரிவாளோடு கிளம்பினார். மரம் இருந்தால்தானே பூ என்றார். அக்கா கேட்டில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுனா வெட்டுங்க அண்ணாச்சி. வாய்க்கா கரையில ஒண்ணு நிக்கி. பைய அங்கன போயிருதேன்."

வாய்க்கால் கரையில் இடுப்பளவு புதர். கணவர் அரிவாளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

நாமே பொறுக்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாள் விடியலில் கணவரின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் கம்போடு இறங்கினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓஸ் பைப்பைப் பார்த்து இரண்டு தடவை அலறினேன். எப்படியோ ஒரு தட்டு நிறையப் பொறுக்கிக்கொண்டு போய் நீட்டினேன். அக்கா பூவைப் பார்த்தார், பிறகு பூட்ஸைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். நான் நகர்ந்ததும் அதைத் துளசிமாடத்து ஓரத்தில் கொட்டிவிட்டு, வெறுங்காலோடு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுக்கியது! போகட்டும், கிடக்கட்டும், எனக்கென்ன என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடி, அவர் எழுந்து போகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைவிரல் வலிக்கும்வரை ஜெபம் பண்ணினேன்.

அடுத்த நாள் அவருக்கு முன்னால் எழுந்தேன். குளித்தேன். பூட்ஸை எடுத்து, திரும்ப வைத்தேன். வாசலில் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலை மண்ணில் வைத்தேன். மண் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு புல்லும் உரசுவது உச்சந்தலை வரைக்கும் தெரிந்தது. கம்பால் தட்டித் தட்டிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். பொறுக்கிய பூவில் பாதி திரும்பக் கீழே விழுந்தது. காலில் ஏதோ ஊர்ந்தது, எறும்பு. அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் பொறுக்கினேன்.

நிமிர்ந்தபோது அக்கா ரோட்டின் நடுவில் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தை அல்ல, காலைத்தான் பார்த்தார்.

"குளிச்சாச்சா டீச்சர்?"

"ஆச்சுக்கா."

"ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா என்னையக் கடிச்சா எனக்குத் தெரியும்லா" என்றேன்.

குனிந்து தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையை நீட்டினார். பூவைப் போட்டேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து பூ பொறுக்குவது நான்தான். அந்த விரியனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதாலேயே எனக்குத் தினமும் பயம். அக்கா மண்ணில் இறங்குவதில்லை. தார் ரோட்டிலேயே நின்று டார்ச் அடிக்கிறார். பூவைத் தொடுவது நான்தானே, அதனால் அவர் காலில் செருப்பு இருக்கிறது.

"கம்ப வச்சுத் தட்டிட்டுக் கை வைங்க டீச்சர்" என்கிறார், தினமும்.